உரையாவது புரியட்டும்

சில வருடங்களுக்கு முன் ஒரு சமகாலக் கலைக் கண்காட்சிக்குச் சுவர்க்குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. சுவர்க்குறிப்பு என்றால், படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டை. படைப்பின் பெயர், ஆண்டு, எதனால் ஆனது என்ற விவரம், அதற்குக் கீழே நாலைந்து வரி விளக்கம். மொத்தம் 32 அட்டைகள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

17 ஆவது அட்டையில் மாட்டிக்கொண்டேன். "இப்படைப்பு, உள்ளீட்டின் மறுக்கப்பட்ட சாத்தியங்களை மடிப்பின் மொழியில் கேள்விக்குள்ளாக்குவதன் வழியாக, இன்மைக்கும் கொள்ளளவுக்கும் இடையிலான பதற்றத்தில் இடையீடு செய்கிறது." மூலத்தில் இருந்ததற்கு என்னால் முடிந்த தமிழ் இதுதான். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, சந்திப் பிழைகூட இல்லை. ஆனால் படித்துவிட்டுக் கண்ணை மூடினால் எதுவுமே மனதில் தோன்றவில்லை. பொருள் விவரத்தில் "துணி, நூல்" என்று மட்டும் போட்டிருந்தது. படைப்பை நான் நேரில் பார்க்கவில்லை. அனுப்பியிருந்த படத்தில் சாம்பலும் பழுப்புமாக ஒரு பெரிய விரிப்பு சுவரில் தொங்கியது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு வாக்கியத்தில் சரக்கு இருக்கிறதா என்பது அதை இன்னொரு மொழிக்குத் தூக்கும்போது தெரிந்துவிடும். உள்ளே ஏதாவது இருந்தால் கை வலிக்கும். இந்த வாக்கியம் காற்றுப்போலத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தப் பழைய கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: இந்தக் காலத்துக் கலை சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டுமா, வேண்டாமா?

இந்தக் கேள்வியை யார் எப்போது கேட்டாலும் அதற்குள் ஒரு கோபம் இருக்கும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதன் மேல் என்று பார்க்க வேண்டும். 2019 இல் மயாமியில் நடந்த ஒரு கலைச் சந்தையில் இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கட்டெலான் ஒரு வாழைப்பழத்தை டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். விலை 1,20,000 டாலர். 2024 இல் அதே படைப்பின் ஒரு பிரதி ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. இதைப் பற்றிப் பேசும்போது "எனக்குப் புரியவில்லை" என்று சொல்கிறவருக்கு வாழைப்பழம் நன்றாகவே புரிகிறது, டேப்பும் புரிகிறது. புரியாதது அந்தப் பணம். அதற்குக் கலை பதில் சொல்ல முடியாது, சந்தைதான் சொல்ல வேண்டும். விலை மீது வருகிற கோபத்தைப் படைப்பின் மீது இறக்கிவைத்துவிட்டு, இனி எல்லாக் கலையும் எளிமையாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதுவது சரியாக வராது.

அப்புறம், நேரம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மக்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து பார்த்து, அதன் முடிவை 2001 இல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அங்கே தொங்கியவை ரெம்ப்ராண்ட் போன்றவர்களின் ஓவியங்கள். முகம் முகமாகத் தெரிகிற, "புரிகிற" ஓவியங்களுக்கே கிடைப்பது அரை நிமிடம் என்றால், புரிதல் என்ற சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? வரைந்திருப்பது என்ன என்று அடையாளம் கண்டுவிட்டால் போதும், புரிந்துவிட்டது என்று நகர்கிறோம். அடையாளம் தெரியாவிட்டால் புரியவில்லை என்று நகர்கிறோம். இரண்டிலும் நாம் அந்தப் படைப்போடு இருந்த நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

புரிவதும் அடையாளம் காண்பதும் வேறு வேறு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி வாஷிங்டனில் இருக்கும் ஒரு சுவர். வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப 1981 இல் ஒரு போட்டி வைத்தார்கள். வந்த வடிவங்கள் 1,421. யார் அனுப்பியது என்று தெரியாமலேயே நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வானது, யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின் அனுப்பியது. சிலை இல்லை, கொடி இல்லை, குதிரை இல்லை, வீரன் இல்லை. தரையைக் கீறியதுபோல இறங்கும் இரண்டு கறுப்புக் கிரானைட் சுவர்கள், ஒரு மூலையில் சந்திக்கின்றன. அவற்றில் பெயர்கள். வேறெதுவும் கிடையாது.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களில் சிலரே இதை அவமானத்தின் கறுப்பு வடு என்று சொன்னார்கள். சாதாரண மனிதனுக்கு இது எப்படிப் புரியும், ஒரு சிப்பாயின் உருவமாவது வேண்டாமா என்று கேட்டார்கள். எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த மூன்று சிப்பாய்கள் நிற்கும் வெண்கலச் சிலை ஒன்றைக் கொஞ்சம் தள்ளி 1984 இல் வைத்தார்கள். பெயர்களை அகரவரிசையில் அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடுவது கஷ்டம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். லின் ஒத்துக்கொள்ளவில்லை. இறந்த நாள் வரிசைதான் வேண்டும் என்று நின்றார்.

1982 நவம்பரில் திறந்தார்கள். அன்றிலிருந்து அங்கே நடப்பதை எந்த விமர்சகரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. மக்கள் போய்ப் பெயரைத் தொட்டார்கள். பெயர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சுவரடியில் கடிதங்கள் வைத்தார்கள், பழைய பூட்ஸ் வைத்தார்கள். கிரானைட்டை நன்றாக மெருகேற்றியிருப்பதால், பெயரைத் தேடுகிறவரின் முகம் அந்தப் பெயருக்குப் பின்னால் தெரியும். நாள் வரிசை எதற்கு என்பதும் அங்கே போனால்தான் தெரிகிறது. ஒரே நாளில், ஒரே சண்டையில் சேர்ந்து இறந்தவர்கள் சுவரிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அகரவரிசை என்றால் அவர்களைப் பிரித்து, ஒரே பெயர் கொண்ட அந்நியர்களோடு வைத்திருக்கும். 58,000 க்கு மேற்பட்ட பெயர்கள். ஒரு தாய் தன் மகனின் பெயரைத் தொடும்போது "இந்த அருவ வடிவம் எனக்குப் புரிந்தது" என்று நினைத்துக்கொண்டா தொடுகிறார்? அவருக்கு அது தேவையே இல்லை. மக்களுக்குப் புரியாது என்று மக்களின் பெயரால் மற்றவர்கள் பேசியதுதான் அங்கே பொய்யாய்ப் போனது.

இதனால்தான் "சாதாரண மக்கள்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். அந்தச் சொல்லைச் சொல்கிறவர் எப்போதும் தன்னை அதற்கு வெளியே வைத்துக்கொள்கிறார். ருஷ்ய நாவலாசிரியர் தல்ஸ்தோய் ஒரு விதிவிலக்கு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல கலை உழைக்கும் விவசாயிக்கும் போய்ச் சேர வேண்டும் என்று 1890களின் இறுதியில் அவர் ஒரு நூலே எழுதினார். அந்த அளவுகோலைத் தனக்கும் வைத்து, இரண்டு சிறுகதைகளைத் தவிரத் தன் புனைவுகள் எல்லாவற்றையும் மோசமான கலை என்று தள்ளிவிட்டார். அந்த நேர்மைக்குக் கும்பிடு போடலாம். அவர் தள்ளிய நாவல்களைத்தான் உலகம் இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் எல்லோரும் தல்ஸ்தோய் இல்லை. அதே கோரிக்கை அதிகாரத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 1937 ஜூலையில் மியூனிக்கில் பார்க்கலாம். நாஜி அரசு, பொது அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த ஏறக்குறைய 650 நவீனப் படைப்புகளை "சீரழிந்த கலை" என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைத்தது. க்ளே, காண்டின்ஸ்கி, சாகல், கிர்ஷ்னர் என்று அந்தக் காலத்தின் பெரிய ஓவியர்கள் அதில் இருந்தார்கள். படங்களை நெருக்கி, கோணலாக மாட்டினார்கள். சுவரில் கேலி வாசகங்களை எழுதினார்கள். பல படங்களுக்குப் பக்கத்தில் வாங்கிய விலையைப் போட்டு, இது உழைக்கும் மக்களின் வரிப்பணம் என்று சீட்டு ஒட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கிர்ஷ்னர் அடுத்த ஆண்டு தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். மக்களுக்குப் புரியாத கலை எதற்கு என்று அரசு கேட்க ஆரம்பித்தால் அது கேள்வியோடு நிற்பதில்லை. அந்தச் சீட்டுகளும் சுவர்க்குறிப்புகள்தான் என்பது எனக்கு அந்த வேலையைச் செய்யும்போதுதான் உறைத்தது. படத்துக்குப் பக்கத்தில் எழுதும் நாலு வரிக்கு அவ்வளவு வலு உண்டு.

அந்த வலுவை நல்ல விதமாகவும் பார்க்கலாம். ஃபீலிக்ஸ் கோன்சாலெஸ்-டோரஸ் என்ற கலைஞர் 1991 இல் செய்த ஒரு படைப்பு: அறையின் ஒரு மூலையில் பளபளக்கும் பல நிறக் காகிதங்களில் சுற்றிய மிட்டாய்களைக் குவித்து வைப்பது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். குவியல் குறையும். அருங்காட்சியகம் மறுபடி கொட்டி நிரப்பலாம். அதற்குக் குறித்திருக்கும் எடை 175 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 79 கிலோ. இவ்வளவுதான் தெரிந்தால் மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போகலாம், அதில் தப்பில்லை. ஆனால் படைப்பின் பெயரிலேயே, அடைப்புக்குறிக்குள், இது ராஸின் உருவப்படம் என்று இருக்கிறது. ராஸ் அந்தக் கலைஞரின் துணைவர். அந்த ஆண்டுதான் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இப்போது கையில் இருக்கும் மிட்டாய் வேறு ஒன்றாகிவிடுகிறது. ஒரு மனிதனின் உடம்பு இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக, கண் முன்னால் கரைந்தது. அதை எடுத்தவர்களில் நாமும் ஒருவர். மறுபடி நிரப்புவார்கள் என்பது அந்தக் காதலின் பிடிவாதம்போலத் தெரிகிறது. வாயில் இனிப்பு இருக்கும்போது இதையெல்லாம் நினைக்க வேண்டியிருக்கிறது.

சிகாகோவில் இந்தப் படைப்பு வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு சமயம் சுவர்க்குறிப்பை மாற்றினார்கள். புதிய குறிப்பில் எடை, வடிவம் எல்லாம் இருந்தது. விளக்கத்தில் ராஸ் இல்லை, எய்ட்ஸ் இல்லை. 2022 இல் பார்வையாளர்கள் இதைக் கவனித்து எதிர்த்தார்கள். அருங்காட்சியகம் குறிப்பைத் திருத்தி அவரை மீண்டும் சேர்த்தது. மிட்டாய் அதே மிட்டாய், குவியல் அதே குவியல். ஒரு வரி இருந்தபோது திறந்திருந்த கதவு அந்த வரி போனதும் மூடிக்கொண்டது. அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்தவர்கள்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. கடினமான மூலத்தோடு நெடுங்காலம் பழகியவர்கள் நாம். சங்கப் பாட்டு நேராகப் படித்தால் நம்மில் பலருக்குப் பிடிபடாது. அதற்காகக் கபிலர் இன்னும் எளிமையாக எழுதியிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. உரை எழுதினோம். ஏழே சீர் கொண்ட குறளுக்குப் பழைய உரைகாரர்கள் மட்டும் பத்துப் பேர் என்பார்கள். முதலில் பதவுரை: இந்தச் சொல்லுக்கு இது பொருள். அப்புறம் பொழிப்புரை: பாட்டின் மொத்தக் கருத்து. அதற்கும் மேல் வேண்டுமானால் விசேடவுரை: நுணுக்கமான விளக்கம். கடினத்துக்குச் சொந்தம் கொண்டாடும் உரிமை மூலத்துக்கு உண்டு. உரைக்கு அந்த உரிமை கிடையாது. (பரிமேலழகர் உரைக்கே பின்னால் உரை எழுத வேண்டி வந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் சொல்லாமல் போனதில்லை.)

சமகாலக் கலையில் எனக்கு இருக்கும் சண்டையெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான். படைப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருட்டாக இருக்கட்டும். கலைஞருக்கே அது முழுதாகத் தெரியாமல் இருக்கட்டும், நல்ல படைப்புகள் பலவும் அப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் அதைச் சுவரில் மாட்டி, கதவைத் திறந்து, வாருங்கள் என்று கூப்பிட்டவர்கள், பக்கத்தில் எழுதும் அட்டையில் பதவுரை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். இது என்ன பொருள், எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது, எவ்வளவு நாள் ஆனது. இதைச் சொல்லாமல் நேரே விசேடவுரைக்குப் போய்விடுகிறார்கள். அதையும் படைப்பைவிடக் கடினமான மொழியில் எழுதுகிறார்கள். வந்தவர் அதைப் படித்துவிட்டு, தனக்கு அறிவு போதாது என்று தலை குனிந்து போகிறார். அந்தக் குனிவைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. அவர் தன் ஒரு பொழுதைக் கொடுக்க வந்தவர்.

பொது இடத்தில் வைக்கும் கலைக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும் என்று நினைக்கிறேன். கேலரிக்குள் நாமாகப் போகிறோம், பிடிக்காவிட்டால் வெளியே வந்துவிடலாம். அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981 இல் நியூயார்க்கின் ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்தில் 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் துருவேறும் எஃகுச் சுவர் ஒன்றைச் சாய்வாக நிறுத்தினார். அங்கே வேலை பார்த்தவர்கள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அகற்றச் சொல்லி 1,300 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 1985 இல் பொது விசாரணை நடந்தது. பேசிய 180 பேரில் 122 பேர் அது இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். இருந்தும் அகற்றலாம் என்றே விசாரணைக் குழு முடிவெடுத்தது. நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பிறகு 1989 மார்ச்சில் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். செர்ரா பெரிய கலைஞர். அந்தச் சுவர் அழிந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் மதிய வேளையில் வெயில் காய உட்கார இடமில்லாமல் போனவர்களைக் கலை தெரியாதவர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. சுவரை வைப்பதற்கு முன்னால் அவர்களிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ. கலையின் கடினம் அங்கே பிரச்சினையாக இருந்தது என்று நான் நம்பவில்லை.

சரி, 17 ஆவது அட்டைக்கு வருகிறேன்.

கண்காட்சி தொடங்கிய இரண்டாம் நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். கண்காட்சி என்று எதற்கும் அதுவரை போனதில்லை. முதல் அறையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் நின்று பார்த்தார். "எனக்கு இது ஒட்டலைடா" என்று நகர்ந்தார். அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புரியவில்லை என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாவது அறையில் அந்தத் துணி. சுவரை அடைத்துக்கொண்டு, சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. நான் என் தமிழ் வாக்கியத்தைச் சுவரில் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அட்டைப் பக்கமே போகவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு துணிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார்.

"இதெல்லாம் பேன்ட் பாக்கெட்டுடா."

எனக்கு விளங்கவில்லை. அம்மா கையை நீட்டாமல் கண்ணாலேயே காட்டினார். ஒரு பக்கம் சாய்வு வெட்டு, அடியில் உருண்ட முனை, அது கால்சட்டையின் பக்கவாட்டுப் பாக்கெட். உள்ளே இருக்கும் துணி என்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் மட்டத் துணியில்தான் வைப்போம். இது எல்லாமே போட்டுப் பழசானது. இதோ, சாவி உரசி உரசி நைந்துபோன இடம். இது பேனா ஒழுகின கறை. இந்த ஆள் சில்லறை நிறைய வைத்திருந்திருக்கிறான், அடியில் ஓட்டை விழுந்து மறுபடி தைத்திருக்கிறார்கள், அது வேற கை.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. துணியின் நீளத்துக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"எல்லாத்தோட வாயையும் தைச்சு மூடியிருக்காங்க. மிஷின் தையல் இல்ல, கைத்தையல். ஒண்ணும் உள்ள போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது."

நூற்றுக்கணக்கான பாக்கெட்டுகள். நூற்றுக்கணக்கான ஆட்களின் சாவியும் சில்லறையும் கையும் போய்வந்த இடங்கள். ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து ஊசியால் மூடியிருக்கிறார்கள். ஒரு வாரம் அந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு முதுகில் சில்லென்று இருந்தது. "உள்ளீட்டின் மறுக்கப்பட்ட சாத்தியங்கள்" என்பது இதைத்தான் சொல்ல வந்திருக்கிறது. பாக்கெட் என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொல்ல வந்திருக்கிறது.

அன்று மாலையே பொறுப்பில் இருந்தவரிடம் போனேன். பொருள் விவரத்தில் "துணி, நூல்" என்பதை எடுத்துவிட்டு, "பழைய கால்சட்டைகளின் பாக்கெட்டுகள், கையால் தைத்து மூடியவை" என்று போடலாம் என்றேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் எல்லாவற்றையும் ஊட்டிவிடக் கூடாது, சொல்லிவிட்டால் மர்மம் போய்விடும் என்றார். மர்மமே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாருடைய பாக்கெட்டுகள், ஏன் மூடினார், மூடும்போது உள்ளே எதையாவது வைத்தாரா? இதில் எதையும் அட்டை சொல்ல வேண்டாம். பாக்கெட் என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்விகளே வரும். அட்டை மாறவில்லை.

கடைசி நாளன்று அம்மாவே மறுபடி போகலாம் என்றார். நாங்கள் போனபோது துணி முன்னால் ஒரு பையன் நின்றிருந்தான், பத்து வயது இருக்கும். கூட வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவன் மட்டும் கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாட்டி இது?"

"பேன்ட் பாக்கெட்டுப்பா. எல்லாத்தையும் தைச்சு மூடிட்டாங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். வலது கை தானாகத் தன் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் போனது. முழுக்க உள்ளே போயிற்று. கையை வெளியே எடுக்காமலேயே, துணிக்கு இன்னும் பக்கத்தில் போய், கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான்.